முதலில் உடையும் இடம்

எங்கே முதலில் உடையும் என்று எழுதித் தராத குழுவின் பாலத்தில் நான் எடை ஏற்றுவதில்லை. ஒரகடத்தைச் சுற்றி நான் போய்வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. ஐஸ் குச்சியால் கட்டிய மாதிரிப் பாலத்தோடு ஒரு அரைத்தாளும் வரும். அதில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: எந்த உறுப்பு, எந்தத் திசையில், எத்தனை கிலோவில். தாளை மடித்து ஆசிரியையின் மேசை இழுப்பறையில் வைத்த பிறகுதான் வாளியை மாட்டுவோம். எத்தனை கிலோ தாங்கியது என்பதை வாளியே சொல்லிவிடும். தன் கையால் கட்டிய பொருளில் பலவீனம் எங்கே இருக்கிறது என்று கட்டியவருக்குத் தெரிகிறதா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இந்த விதி வெல்ட் ஷாப்பில் பிறந்தது. டிப்ளமோ முடித்து நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தபோது இருங்காட்டுக்கோட்டை ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-ல் அங்கிருந்து வெளியே வந்தது. ஒரகடம் பக்கம் பெரிய ஆலைகள் எழும்பியது அதற்குப் பின்பு: 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகளுக்காக டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஒரு பெரிய ஆலை வந்தால் தகடு அடிப்பவர்கள், ஒயரிங் ஹார்னஸ் கட்டுபவர்கள், சீட் தைப்பவர்கள், ரப்பர் வார்ப்பவர்கள் என்று சுற்றிலும் சின்ன ஆலைகள் வந்து சேரும். அப்படியொரு உதிரிபாக ஆலையில், தகடுகளை ஸ்பாட் வெல்டு செய்து கார் கம்பெனிக்கு அனுப்பும் இடத்தில், தரப் பரிசோதனை என் பிழைப்பு.

ஒரு கார் பாடியில் சில ஆயிரம் ஸ்பாட் வெல்டுகள் இருக்கும். இரண்டு தகடுகளைத் தாமிர எலக்ட்ரோடுகள் இருபுறமும் அழுத்திப் பிடிக்க, மின்சாரம் பாய்ந்து நடுவில் ஒரு பொட்டு அளவு உலோகம் உருகி ஒன்றாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பொட்டும் ஒரே மாதிரிதான். உள்ளே உருகிச் சேர்ந்ததா, சூட்டில் வெறுமனே ஒட்டிக்கொண்டதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் உளி வைத்துப் பிரிக்கிறோம். வெல்டு நல்லதாக இருந்தால் பொட்டு விடாது. ஒரு தகட்டைக் கிழித்து, அதில் ஓட்டை போட்டுவிட்டு, மற்றத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். நக்கெட் என்போம். வெர்னியரால் அதன் விட்டத்தை அளப்போம். ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு நாலு, ஐந்து மில்லிமீட்டராவது வர வேண்டும். கெட்ட வெல்டு அலுங்காமல் பிரியும். இரண்டு தகடும் ஓட்டையே இல்லாமல் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தத்தைப் பார்த்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அன்றைய லாட் முழுவதையும் நிறுத்தி வைப்போம்.

குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முழு அசெம்பிளியையே எடுத்து, ஒரு பொட்டு விடாமல் பிரித்துப் போடுவோம். புதிதாகச் சேரும் பையன்கள் மனம் பொறுக்காமல் கேட்பார்கள்: “நல்ல பார்ட்டை எதுக்கு சார் நாசம் பண்றோம்?” அந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்த தைரியத்தில்தான் மற்ற நூற்றுக்கணக்கானவை வண்டியேறுகின்றன. இந்த வட்டாரத்தில் உடைத்துப் பார்ப்பதே ஒரு தொழில். ஒரகடத்தில் உள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் வண்டிகளை மோதவிட்டு ஆராயும் கூடம் இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் எல் அண்ட் டி நிறுவனத்தின் பரிசோதனை நிலையத்தில் மின்கோபுரங்களை முழு உயரத்தில் நிறுத்தி, கம்பிவடங்களால் இழுத்துச் சோதிக்கிறார்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் 1960-களிலிருந்து தூண்களையும் உத்திரங்களையும் உடைத்துக் கணக்கெடுத்து வருகிறது. இவ்வளவும் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நடக்கிறது. பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு இது தினசரி வேலை. பிள்ளைகள் மட்டும் அறிவியல் கண்காட்சிக்கு யாரும் தொடக் கூடாத பாலம் செய்கிறார்கள்.

அந்தப் பாலங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெர்மாகோல் ஆறு, நீல பெயின்ட், மேலே பொம்மைக் கார், சீரியல் பல்பு. பரிசு வாங்கி, கண்ணாடி பீரோ மேல் ஏறி, அடுத்த வருஷம் குப்பைக்குப் போகும். அதில் ஒரு கிலோ அரிசிப் பையைக்கூட யாரும் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அதைக் கண்டால் மனம் வலிக்கும். பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டியிருப்பாள். அந்த உழைப்புக்குப் பாலம் அவளுக்கு ஒரு பதிலாவது சொல்லியிருக்க வேண்டாமா?

வல்லம், மாத்தூர், எழிச்சூர் பக்கத்துக் குழந்தைகள்தான் பெரும்பாலும். நிலம் இருந்த குடும்பத்துப் பிள்ளைகளும், ஷிஃப்ட் வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழ் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஜிக், ரிஜெக்ஷன், லைன் நிற்பது, இதெல்லாம் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. வளைந்த குச்சியை ஒரு பையன் தூக்கிக் காட்டி, “இது என்ஜி சார்” என்றான். ‘நோ குட்’, தேறாதது என்று அர்த்தம். அவன் அப்பா ஒரு கொரியக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறார்.

குச்சியிலிருந்தே தொடங்குகிறோம். கடையில் கட்டாக விற்கும் ஐஸ் குச்சி சுமார் 114 மில்லிமீட்டர் நீளம், 10 அகலம், 2 கனம். பார்க்க எல்லாம் ஒன்றுதான். கண்ணாடி மேல் வைத்தால் தெரியும் எத்தனை குச்சி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று. மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்வேன். நேரானவை மேல்வரிசைக்கு, லேசாக வளைந்தவை கீழ்வரிசைக்கு, முறுக்கியவையும் முடிச்சு உள்ளவையும் தள்ளுபடி. வளைந்ததைக் கீழே போட ஒரு காரணம் உண்டு. பாலம் தொய்யும்போது கீழ்வரிசை இழுபடும். இழுத்தால் வளைவு நேராகும். மேல்வரிசை அமுங்கும், அமுக்கினால் வளைந்தது இன்னும் வளையும். இந்த ஒரு வித்தியாசம் மனதில் இறங்கிவிட்டால் பாதிப் பாலம் கட்டியாயிற்று.

அடுத்தது ஒட்டு. இதில்தான் அதிக நேரம் செலவிடுவேன், ஆசிரியைகள் கடிகாரத்தைப் பார்த்தாலும் சரி. சின்னப் பாலங்களில் குச்சி முறிந்து விழுந்ததைவிட ஒட்டுவிட்டு விழுந்தவை அதிகம். இரண்டு குச்சிகளை ஒட்டி, காயவைத்து, மறுநாள் கையால் பிய்க்கச் சொல்வேன். பிய்த்த முகத்தை வெயிலில் காட்ட வேண்டும். மரநார் கிழிந்து எதிர்க்குச்சியில் ஒட்டியிருந்தால் நல்ல ஒட்டு: பசை நின்றது, மரம் தோற்றது. முகம் பளபளவென்று இருந்தால் பசை மரத்துக்குள் இறங்கவே இல்லை. வெல்ட் ஷாப்பில் நக்கெட்டைப் பார்க்கும் அதே கண்ணால்தான் இதையும் பார்க்கிறோம். ஃபெவிகால் மெல்ல இறுகும், அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், ஒரு முழு நாள் ஆறப்போட வேண்டும். பிள்ளைகளுக்கு ஃபெவிக்விக் மேல் ஆசை, நொடியில் பிடித்துக்கொள்ளும். ஆனால் மரத்தில் அது மொறுமொறுப்பாக இறுகி, ஒரு சின்ன அதிர்வில் சட்டென்று விட்டுவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் கட்டினால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குச்சியே ஈரம் உறிஞ்சியிருக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும் பசை உள்ளே வெண்மையாகவே இருக்கும்.

ஒருநாள் மாலை ஒரு மாணவியின் அம்மா மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார். ஒயரிங் ஹார்னஸ் ஆலையில் வேலை, பகல் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்தவர். மேசையில் ஒட்டி வைத்திருந்த குச்சிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுக்கு புல் டெஸ்ட் போட்டீங்களா சார்?”

அவர் வேலையில் ஒயரின் முனையில் டெர்மினலைக் கிரிம்ப் செய்வார்கள், அதாவது நசுக்கிப் பொருத்துவார்கள். ஷிஃப்ட் தொடக்கத்தில் மாதிரி எடுத்து, மெஷினில் மாட்டி, பிடுங்கும்வரை இழுத்து, எத்தனை விசையில் விட்டது, ஒயர் அறுந்ததா, கிரிம்ப் நழுவியதா என்று ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். ஒயருக்குக் கேட்பதைக் குச்சிக்கும் கேட்டார், அவ்வளவுதான். அடுத்த வாரமே குச்சி ஒட்டுக்கு ஒரு புல் டெஸ்ட் ஏற்பாடு செய்தோம். ஜன்னல் கம்பியில் ஒரு முனை, மறுமுனையில் மீன்கடைக்காரர் பிடிக்கும் கொக்கித் தராசு. பக்கவாட்டில் ஒற்றையாக ஒட்டிய ஒட்டு சீக்கிரம் விட்டது. நடுக்குச்சியை இருபுறமும் இரண்டு குச்சிகள் அணைத்துப் பிடித்த ஒட்டு வெகுநேரம் நின்றது. காரணத்தையும் அந்த அம்மாவே மகளுக்குச் சொன்னார். ஒற்றையாக ஒட்டினால் இழுவிசை நேர்க்கோட்டில் போகாது, ஒட்டைத் திருகிப் பிய்க்கப் பார்க்கும். இரண்டு பக்கமும் அணைத்தால் திருக முடியாது. எந்தப் பாடப்புத்தகமும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது.

கணக்குக்கு வருவோம். பிள்ளைகள் கணக்கைக் கண்டு ஓடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வது தவறு. கணக்கு அவர்கள் கையிலிருக்கும் குச்சியைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவே. ஒரு ஐஸ் குச்சியைத் தட்டையாகப் படுக்கவைத்து வளைத்தால் சுலபமாக வளையும். விளிம்பில் நிறுத்தி வளைத்தால் வளையவே வளையாது. எத்தனை மடங்கு வித்தியாசம் என்று கேட்டால் அகலத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து ஐந்து என்பார்கள். விடை இருபத்தைந்து. வளையும் திசையில் உள்ள தடிமனை மும்மடியாக்கி, மற்ற அளவோடு பெருக்க வேண்டும் என்று போட்டுக் காட்டினால் ஒன்பதாம் வகுப்புக்கே புரிந்துவிடும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஒல்லியான குச்சியை இரு முனையிலும் அமுக்கினால் அது நசுங்காது, நடுவில் வளைந்து விலகும். இதற்கான சூத்திரத்தை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். நீளம் பாதியானால் தாங்கும் விசை நான்கு மடங்காகும். இரண்டு குச்சிகளை ஒட்டாமல் சேர்த்து வைத்தால் தாங்குவது இரண்டு மடங்கு. முகத்தோடு முகம் முழுக்கப் பசை தடவி ஒட்டினால் எட்டு மடங்கு. குச்சி அதே இரண்டுதான், நடுவில் ஒரு பூச்சுப் பசை. எட்டு என்று பலகையில் எழுதும்போது வகுப்பு ஒரு கணம் நம்பாமல் பார்க்கும். உடனே குச்சியை எடுத்துக் கையால் அமுக்கிப் பார்த்து நம்பிக்கொள்வார்கள்.

எங்கள் பாலத்தின் வடிவம் சாதாரணமானது. 60 சென்டிமீட்டர் இடைவெளி, பக்கத்துக்கு ஒரு ட்ரஸ், ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணங்கள். கீழே ஆறு கட்டம், மேலே ஐந்து. 1848-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற வாரன் ட்ரஸ் இதுதான். வாளியை நடுவில் மாட்டினால் மேல்வரிசையின் நடுக்குச்சிக்கு வரும் அமுக்கம் சாய்வுக் குச்சி ஒன்றுக்கு வரும் விசையைப்போல் சரியாக மூன்று மடங்கு. 40 கிலோ மாட்டினால் ஒரு பக்க ட்ரஸுக்கு 20. அதன் மேல்நடுவில் சுமார் 35 கிலோ, சாய்வில் சுமார் பன்னிரண்டு. நாங்கள் வாங்கும் குச்சி ஒற்றையாக இருந்தால் ஆறேழு கிலோவிலேயே நெளிந்துவிடும் என்கிறது ஆய்லரின் கணக்கு. ஆக மேல்வரிசை முழுக்க இரட்டைக் குச்சி, சாய்வுகளில் அமுங்குபவை இரட்டை, இழுபடுபவை ஒற்றை. எல்லா இடத்திலும் இரட்டை போட்டால் எடை வீணாகக் கூடும். எங்கே போடலாம், எங்கே வேண்டாம் என்று பிள்ளைகள் சண்டை போடும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பிடித்த வகுப்பு.

ஜிக்கைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பிளைவுட் பலகையில் ட்ரஸின் படத்தை முழு அளவில் வரைந்து ஒட்டி, ஒவ்வொரு மூட்டைச் சுற்றியும் ஆணி அடித்துவிடுவோம். குச்சியை ஆணிகளுக்கு நடுவில் வைத்தால் அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போகும். இடது ட்ரஸும் வலது ட்ரஸும் ஒரே ஜிக்கில் பிறந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும், சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். கையால் தனித்தனியாகக் கட்டினால் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். பாலம் மேசையில் ஆடும். வாளி மாட்டியதும் ஒரு பக்கம் முழுச் சுமையையும் வாங்கி முதலில் போகும். பலகைக்கும் பசைக்கும் நடுவில் பாலிதீன் தாள் போட மறக்கக் கூடாது.

சோதிக்கும்போது எல்லோரும் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். நான் பிள்ளைகளில் ஒருவரைப் பாலத்தின் முனையில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்கச் சொல்வேன். குச்சியின் தட்டையான முகம் ட்ரஸின் பக்கம் பார்த்திருப்பதால் அதன் மெலிந்த திசை பக்கவாட்டில் இருக்கிறது. மேல்வரிசை போவதானால் பக்கவாட்டில்தான் போகும். அதைத் தடுக்க மேல்மூட்டுகளை எதிர்ப்பக்க மூட்டுகளோடு குறுக்குக் குச்சிகளால் கட்டி, நடுவே எக்ஸ் போட வேண்டும். முனையிலிருந்து பார்க்கும்போது ரொம்ப நேரமாக நேராக இருக்கும் வரிசை மெல்ல ஒரு வில் போல வாங்கத் தொடங்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அப்போதும் ஒன்றுமே தெரியாது.

இதைச் சொல்லும்போது கனடாவின் கியூபெக் பாலத்தையும் சொல்லிவிடுவேன். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த பெரும் இரும்புப் பாலம் அது. 1907 ஆகஸ்டில் அதன் அமுக்க உறுப்புகளில் சில நேர்க்கோட்டிலிருந்து விலகி வளைவதை அங்கே வேலை பார்த்தவர்கள் அளந்திருக்கிறார்கள். ஒன்று சுமார் 57 மில்லிமீட்டர் வரை விலகியிருந்தது. அது முன்பே வளைந்திருந்ததா, புதிதா என்று வாக்குவாதம். செய்தியைச் சொல்ல ஒருவர் நியூயார்க்கில் இருந்த ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பரிடம் போனார். வேலையை நிறுத்தும் உத்தரவு பாலத்தடிக்குப் போய்ச் சேருவதற்குள், ஆகஸ்ட் 29 மாலை, பாலம் சரிந்தது; 75 பேர் இறந்தார்கள். பாலத்தின் சொந்த எடையைக் குறைத்துக் கணக்கிட்டிருந்ததும், அந்த உறுப்புகளைப் பிணைத்த பின்னல் பட்டைகள் போதாமல் போனதும் விசாரணையில் வெளிவந்தன. பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த 57 மில்லிமீட்டரை. உறுப்பு வளையத் தொடங்கியதும் பாலம் பேசிவிட்டது. முனையில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளை “நிறுத்துங்க” என்று சொன்னால் தண்ணீர் ஊற்றுபவர் உடனே கையை எடுக்க வேண்டும். அதில் விவாதம் கிடையாது.

எடைக்கு மணலை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு மாறினோம். மணலைக் கொட்டினால் ஒவ்வொரு கொட்டலும் ஒரு அடி. பாலம் எடையால் உடைந்ததா, அடியால் உடைந்ததா என்று தெரியாது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, அளவும் சுலபம். உயரத்தில் கேன் வைத்து, டியூபில் கிளிப் போட்டு, கீழே வாளிகளுக்கு இறக்குவோம். வாளிகளைத் தாங்கும் கம்பி கீழ்வரிசையின் நடுமூட்டில் மாட்டியிருக்க வேண்டும். இரண்டு மூட்டுக்கு நடுவே குச்சியின் வயிற்றில் மாட்டினால் குச்சி உத்திரமாக வளைந்து ஒடியும், ட்ரஸின் பலம் வெளிப்படாது. வாளிகளுக்கு அடியில் பழைய டயர். கண்ணுக்குக் கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம். தொய்வை அளக்க ஆலையிலிருந்து கழித்த டயல் கேஜ் ஒன்று இருக்கிறது, நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டும். டயல் கேஜ் இல்லாத பள்ளியில் ஒரு நூலைக் கட்டி, பின்னால் கண்ணாடித் துண்டும் ஸ்கேலும் ஒட்டினால் போதும். நூலும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் கண்ணை வைத்துப் படிக்க வேண்டும்.

நாலு பெண்கள் கொண்ட ஒரு குழுவின் பாலத்தை நான் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறேன். பாலத்தின் எடை 160 கிராம். அவர்கள் எழுதித் தந்தது: மேல்வரிசையின் நடுக்குச்சி, பக்கவாட்டில் வெளிப்புறமாக, 45 கிலோவில். குச்சியில் இயல்பாக உள்ள கோணலுக்காகக் கணக்கில் வந்ததைக் குறைத்து எழுதியிருந்தார்கள். தண்ணீர் இறங்கியது. பத்து லிட்டர் வரை தொய்வு சீராக ஏறியது. 17-ல் டிக்கென்று ஒரு சத்தம், பாலம் டயர் மேல் கிடந்தது. மேல்வரிசைக்கு ஒன்றுமே ஆகவில்லை. கீழ்வரிசையில் நடுவுக்கு அடுத்த மூட்டு ஒன்று பிரிந்திருந்தது.

யாரும் அழவில்லை. நான் ஒன்றும் சொல்வதற்குள் ஒருத்தி பிரிந்த குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துவிட்டாள். பளபளவென்று இருந்தது. “மரமே கிழியலை சார்.” இன்னொருத்தி நோட்டைத் திறந்தாள். எந்த மூட்டை யார் ஒட்டியது, என்றைக்கு, அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை எப்போது எடுத்தது என்று எழுதி வைக்கும் நோட்டு. ஆலையில் ஒவ்வொரு தொட்டியோடும் ஒரு ட்ராவலர் கார்டு போவதை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களே ஏற்படுத்தியது. அந்த மூட்டு மழைநாளில் ஒட்டியது. ஜிக் அடுத்த குழுவுக்குத் தேவைப்பட்டதால் மறுநாள் காலையிலேயே கிளிப்பை எடுத்திருந்தார்கள். அதே நாளில் ஒட்டிய இன்னும் இரண்டு மூட்டுகள் பாலத்தில் இருந்தன. உடையாத அந்த இரண்டையும் அவர்களே பிரித்துப் போட்டார்கள். ஒன்று பளபள, ஒன்றில் பாதி நார்.

நான் வேலை பார்த்த இடங்களில் ஒரு லாட் தவறினால் சந்தேகமுள்ள மற்றவற்றைத் தேடிப்பிடித்துத் தனியாக வைக்கும் பழக்கம் வருவதற்கு, நன்கு படித்தவர்களுக்கே பயிற்சி தேவைப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்கள் யாரும் சொல்லாமல் அதைச் செய்தார்கள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மூட்டுகளைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, இரண்டு பக்கமும் அணைத்து மறுபடி ஒட்டினார்கள். அடுத்த சோதனையில் பாலம் 38 கிலோ வரை போனது. முனையில் உட்கார்ந்திருந்தவள் 35-லேயே இடது மேல்வரிசை வெளியே வாங்குவதைச் சொல்லிவிட்டாள். முழுவதும் உடைத்துப் பார்ப்பதென்று முன்பே முடிவு செய்திருந்ததால், எல்லோரும் தள்ளி நின்றுகொண்டு மேலும் ஊற்றினோம். நடுக்குச்சி, பக்கவாட்டில், வெளிப்புறமாக. இடமும் திசையும் சரி. கிலோவில் ஏழு குறைவு.

உடைந்த மாதிரியை ஒட்டி மறுபடி சோதிப்பது ஏமாற்று என்று ஒரு கண்காட்சி நடுவர் சொன்னார். அவரிடம் நான் வேல்ஸின் பிரிட்டானியா பாலத்தைச் சொன்னேன். மெனாய் நீரிணையின் மேல் ரயில் போவதற்கு ராபர்ட் ஸ்டீஃபன்சன் இரும்புத் தகட்டாலான பெருங்குழாய் ஒன்றை யோசித்தார். அதற்குள் ரயில் ஓடும். அப்படி ஒன்றை அதற்குமுன் யாரும் கட்டியதில்லை. வில்லியம் ஃபேர்பேர்ன் தன் கப்பல் பட்டறையில் சின்னக் குழாய்களைச் செய்து உடைத்தார். இழுபடும் அடிப்பகுதிதான் முதலில் போகும் என்று நினைத்த இடத்தில், மெல்லிய மேல்தகடு அமுங்கிச் சுருங்கிப் போனது. அதனால் மேற்பகுதியை அறை அறையாகக் கட்டலாம் என்று தெரிந்தது. பிறகு ஆறில் ஒரு பங்கு அளவில் ஒரு பெரிய மாதிரி. உடையும்வரை எடை ஏற்றி, உடைந்த இடத்தை வலுப்படுத்தி, மறுபடி உடைத்து, மறுபடி வலுப்படுத்தினார்கள். பாலம் 1850-ல் திறந்தது. மாதிரி இருப்பதே அதற்காகத்தான். நடுவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. அந்தப் பாலத்துக்கு மதிப்பெண் மட்டும் போட்டார்.

160 கிராம் பாலம் 38 கிலோ தாங்கியது என்றால் தன் எடையைப்போல் சுமார் 240 மடங்கு. இந்த எண்ணைப் போஸ்டரில் பெரிதாக எழுதப் பிள்ளைகளுக்கு ஆசை. எழுதட்டும். கூடவே இன்னொரு எண்ணையும் போடச் சொல்வேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட்டுச் செங்குத்தாக மேலே எழும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். நம்முடைய 60 சென்டிமீட்டரைப்போல் 120 மடங்கு. நம் பாலத்தை எல்லாப் பக்கமும் 120 மடங்கு பெருக்கினால் எடை 120-ஐ மூன்று முறை பெருக்கிய அளவு கூடும். குச்சியின் குறுக்குப் பரப்பும், அதோடு பலமும், 120-ஐ இரண்டு முறை பெருக்கிய அளவுதான் கூடும். அப்படியானால் 240 மடங்கு தாங்கிய பாலம் பாம்பன் அளவுக்கு வளர்ந்தபின் தன் எடையைப்போல் இரண்டு மடங்குதான் தாங்கும். கலிலியோ 1638-ல் எழுதியது இதுதான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பிள்ளைகள் பாம்பன் படத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும். அந்த எழும் பகுதியின் எடை சுமார் 660 டன். ஐஸ் குச்சிப் பாலத்தில் சொந்த எடையை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே பொறியாளரின் முதல் சுமையே அதுதான்.

போன முறை ஒருத்தி கேட்டாள்: “நம்ம ஒரகடம் மேம்பாலத்தை உடைச்சுப் பாக்க முடியாதே சார், அப்ப அது நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்?”

உடைக்காமல் கேட்கும் வழி ஒன்று உண்டு. எடை தெரிந்த லாரிகளைப் பாலத்தில் கட்டம் கட்டமாக நிறுத்தி, எவ்வளவு தொய்கிறது என்று அளந்து, கணக்கில் வந்த தொய்வோடு ஒப்பிட வேண்டும். பிறகு லாரிகளை எடுத்துவிட்டு எவ்வளவு மீள்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பி போட்ட சாதாரணக் காங்கிரீட் பாலம் தொய்ந்ததில் 75 விழுக்காடாவது மீள வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. ரயில் பாலத்துக்கு வேறு முறைகள் உண்டு. புதிய பாம்பனை 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து, வேகச் சோதனையும் நடத்தி, மணிக்கு 75 கிலோமீட்டருக்கும் எழும் பகுதியில் 50-க்கும் அனுமதி கொடுத்தார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் சோதனையில் ஒன்று கூடியிருக்கிறது. வாளியில் பத்து லிட்டர் நிற்கும்போது எத்தனை மில்லிமீட்டர் தொய்ய வேண்டும் என்று முன்பே கணக்கிட்டு, அந்த அளவில் தண்ணீரை நிறுத்தி, டயல் கேஜைப் படித்து, தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி படிக்கிறோம். எல்லாக் குழுவுக்கும் அளந்த தொய்வு கணக்கைவிடக் கூடுதலாகவே வருகிறது. முழுவதும் மீள்வதுமில்லை. ட்ரஸ் கணக்கில் குச்சி நீளுவதும் குறுகுவதும் மட்டும்தான் இருக்கிறது. மூட்டில் பசை விட்டுக்கொடுக்கும் அளவு அதில் இல்லை. அந்த நாலு பெண்களில் இரண்டு பேர் இப்போது பாலத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு மூட்டை மட்டும் கட்டி, அதில் டயல் கேஜை நிறுத்தி, கொக்கித் தராசால் கிலோ கிலோவாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மூட்டு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று தெரிந்தால் பாலத்தில் உள்ள மூட்டுகள் எல்லாவற்றுக்கும் கணக்கைத் திருத்திவிடலாம் என்பது அவர்கள் திட்டம்.